மூணு சென்ட் காய்ச்சல்

போன மாசம் ஒரு திங்கட்கிழமை. நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். கூடலூர்ப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து ஓர் அக்கா வந்தாங்க. காதுத் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாங்க. "என்ன செலவுக்கு அக்கா?" என்று கேட்டேன். விண்ணப்பத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது, நிரப்பியாக வேண்டும். "மகனுக்கு நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சாம் தம்பி. பன்னெண்டு வயசு. ஆப்பரேசன் இன்சூரன்ஸ்ல பாத்துக்கிருவாகளாம். போக வர, தங்க, திங்கக் காசு வேணும்ல."

சிட்டா அடங்கல் கொண்டுவந்தால் அதே நகைக்கு விவசாயக் கடன் என்று எழுதலாம், வட்டி குறையும். அக்காவுக்கு ஏது சிட்டா? ஆக, நிலம் உள்ளவன் வீட்டுத் தங்கத்துக்கு ஒரு வட்டி, கூலிக்காரி காதுத் தங்கத்துக்கு ஒரு வட்டி. இந்த நாட்டில் தங்கத்துக்கும் ஊர், சேரி உண்டு. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

"இதுக்கு முன்னாடி பையனுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாக்கா?" என்றேன். அக்கா என்னையே பார்த்தாங்க. "ஒனக்கு எப்பிடித் தம்பி தெரியும்? ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்துச்சு. முழங்கால் நல்லானா கணுக்கால், கணுக்கால் நல்லானா முழங்கை. வளர்ற வலின்னு சொன்னாக. தைலம் போட்டேன். சரியாப் போச்சு."

சரியாகப் போகவில்லை. மூட்டைவிட்டுக் கிளம்பி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டிலும் ஒரு வால்வு இருக்கிறது.

*

1999 ஐப்பசி மழை. என் தங்கச்சிக்கு ஒன்பது வயசு, எனக்குப் பன்னிரண்டு. அவளுக்குத் தொண்டை வலி, காய்ச்சல். அம்மா விடியக்காலை நாலரை மணி ஜீப்பில் குமுளி மலை ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனால் இருட்டுக்கட்டித்தான் திரும்பும். அப்பா திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பு. பெட்டிக்கடையில் ரெண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். உப்புத் தண்ணி கொப்பளிக்கச் சொன்னோம். மூணாம் நாள் காய்ச்சல் விட்டது. மூணு வாரம் கழித்து மூட்டு வீங்கியது. அதுவும் விட்டது. மாசி வாக்கில் கை தானாகத் துள்ள ஆரம்பித்தது. தட்டைப் பிடித்தால் நழுவும். முகம் கோணும். நோட்டில் எழுத்தெல்லாம் கிறுக்கலாகப் போனது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் விரல் கணுவிலேயே அடித்தார். "ஒங்க ஆளுகளுக்கு எழுத்து வந்தாத்தான அதிசயம்" என்றார். வீட்டில் கோடாங்கியை அழைத்து உடுக்கை அடித்தார்கள். வாத்தியாருக்கு அது சாதி. கோடாங்கிக்கு அது பேய். அதன் பெயர் கோரியா, ருமாட்டிக் காய்ச்சல் மூளையைத் தொடும்போது வருவது, பெண் பிள்ளைகளுக்கு அதிகம் வருவது என்று சொல்ல எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. சில மாதத்தில் அது தானாக நின்றது. கோடாங்கிக்குத்தான் பேர்.

2013இல் அவளுக்குக் கல்யாணம் முடித்தோம். வயிற்றில் பிள்ளை வளர வளர, குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. பிறகு படுத்தாலே மூச்சு முட்டியது. அப்போதுதான் ஒரு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "சின்ன வயசுல மூட்டு வீங்குச்சாம்மா?" என்று கேட்டார். இடது பக்கத்து மைட்ரல் வால்வு தழும்பேறிச் சுருங்கியிருந்தது. பிள்ளை தங்கவில்லை. மறு வருடம் நெஞ்சைப் பிளந்து செயற்கை வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. இனிப் பிள்ளை பெறுவது உயிருக்கு ஆபத்து என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். இன்றைக்கு எங்களோடுதான் இருக்கிறாள். ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டால், அவள் நெஞ்சுக்குள் அந்த வால்வு தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

பதினைந்து வருடமாகக் கவிதை எழுதுகிறேன். பறை, நிலம், ரத்தம் எல்லாம் எழுதியாயிற்று. அவளுடைய தொண்டையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கடன்.

*

தோழர்களே, முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றொரு கிருமி. அதில் ஏ பிரிவு தொண்டையில் புண்ணை உண்டாக்கும். எல்லாத் தொண்டை வலியும் இதனால் வருவதில்லை. பெரும்பாலும் வைரஸ்தான், தானாகப் போய்விடும். இந்தக் கிருமி வந்தால் சளி, இருமல் பெரிதாக இருக்காது. காய்ச்சல் இருக்கும், எச்சில் விழுங்க வலிக்கும், கழுத்தில் நெறி கட்டும். உடம்பு கிருமியோடு சண்டை போடும். அந்தச் சண்டையில் சில பிள்ளைகளின் உடம்புக்கு ஆள் அடையாளம் தவறிப்போகிறது. கிருமியைப் போலவே தெரிகிற தன் சொந்த இதயத்தை, மூட்டை, மூளையை அதுவே தாக்குகிறது. இது நடப்பது தொண்டைப் புண் ஆறி ரெண்டு மூணு வாரம் கழித்து. அதனால்தான் இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பது பெற்றவளுக்குத் தெரிவதில்லை. மூட்டு வீக்கம் தடம் இல்லாமல் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. நோய் மறுபடி திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தழும்பின்மேல் இன்னொரு அடி விழுகிறது.

மேல்நாடுகளில் இந்தத் தழும்பு வால்வைச் சுருக்க இருபது வருடம் போல எடுத்தது. நம் நாட்டில் பள்ளிக்கூட வயசிலேயே சுருங்கிவிடுகிறது என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவர் எஸ்.பி. ராய் குழுவினர் 1960களிலேயே உலகத்துக்கு எழுதிக் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ருமாட்டிக் இதய நோயோடு வாழ்கிறவர்கள் சுமார் ஐந்தரைக் கோடிப் பேர். வருடத்துக்குச் சாகிறவர்கள் சுமார் 3,60,000. 2015ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல்.

மருத்துவப் புத்தகங்களில் இதற்கு 'ஆபத்துக் காரணிகள்' என்று ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள். வயது ஐந்திலிருந்து பதினைந்து. குடும்பத்தில் யாருக்காவது வந்திருப்பது. முன்பு ஒருமுறை வந்திருப்பது. தொண்டைப் புண்ணுக்கு வைத்தியம் கிடைக்காமல் போவது. சத்துக்குறைவு. ஏழ்மை. நெருக்கடியான குடியிருப்பு. பட்டியல் சரி. என் சண்டை பட்டியலோடு இல்லை, அதை எழுதியிருக்கும் தொனியோடு. மழை, வெயில், பனி என்பதுபோல ஏழ்மை, நெருக்கடி என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நெருக்கடி என்றால் யார் நெருக்கியது? அந்தக் கேள்வி புத்தகத்தில் கிடையாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

*

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். 'உடல்வாகு, பரம்பரை' என்று ஒரு வார்த்தை பட்டியலில் இருக்கிறதே என்று சிலர் பிடித்துக்கொள்வார்கள். பிறப்பைக் காரணம் காட்டுவது இந்த நாட்டுக்குப் புதுசா என்ன! கிருமி தொற்றிய எல்லாருக்கும் இந்தக் காய்ச்சல் வராது என்பது உண்மை. உடல்வாகுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் இதையும் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பள்ளிப் பிள்ளைகளைக் கொன்ற பெரிய நோய்களில் ஒன்று இதே ருமாட்டிக் காய்ச்சல். அங்கே அது பென்சிலின் வருவதற்கு முன்பே இறங்க ஆரம்பித்துவிட்டது. பிறகு பென்சிலின் வந்து மிச்சத்தை அடித்துத் துரத்தியது. இரண்டு தலைமுறைக்குள் வெள்ளைக்காரன் பரம்பரையா மாறிப்போனது? வீடு மாறியது. சாப்பாடு மாறியது. ஒரு கட்டிலில் நாலு பிள்ளை படுத்தது மாறியது.

நெருக்கத்தின் வேலை என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி ஒரு ராணுவ முகாமிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் வாரன் விமானப்படைத் தளம். 1949 முதல் சில வருடங்கள் சார்லஸ் ராம்மெல்காம்ப் என்ற மருத்துவரின் குழு அங்கே வேலை செய்தது. இந்தத் தொண்டைப் புண்ணுக்குப் பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம் என்று நிரூபித்தது அங்கேதான். மருந்து கிடைக்காதவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தது. இன்னொன்றும் செய்தார்கள். படுக்கைக் கூடத்தில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தார்கள். கட்டில் நெருங்க நெருங்கத் தொற்று கூடியது. தள்ளிப்போட்டால் குறைந்தது. அந்தப் பையன்கள் பசியில் கிடந்தவர்கள் இல்லை. மூணு வேளையும் கறியும் ரொட்டியும் தின்ற சிப்பாய்கள். அவர்களையே நெருக்கம் விடவில்லை.

இப்போது நம் பள்ளத்தாக்குக்கு வருவோம்.

எங்கள் வீடு தொகுப்பு வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. 1999இல் அதற்குள் படுத்தவர்கள் அப்பா, அம்மா, அப்பத்தா, சித்தப்பா, சித்தி, நாங்கள் மூணு பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் ரெண்டு. ஆக மொத்தம் பத்துப் பேர். மழை பெய்தால் வாசலில் படுப்பவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள், கதவையும் சாத்திவிடுவார்கள். ஒருவர் இருமினால் பத்துப் பேருக்கும் அதே காற்று. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் உள்ள தூரத்தை எங்கள் வீட்டில் அளக்க முடியாது. கட்டிலே கிடையாது. பாய்க்கும் பாய்க்கும் நடுவே தூரமும் கிடையாது.

'ஏழை என்றால் எந்தச் சாதியானாலும் இப்படித்தானே' என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏழ்மை எல்லாச் சாதியிலும் இருக்கிறது. எந்தச் சாதி ஏழைப் பிள்ளைக்கும் இந்தக் காய்ச்சல் வரும். கிருமிக்குச் சாதி தெரியாது. ஆனால் மனைக்குத் தெரியும். ஊர்த்தெருவில் ஓர் ஏழைக்கு மகன்கள் தலையெடுத்தால் பக்கத்தில் ஒரு மனை விலைக்குப் பார்ப்பான். இல்லையென்றால் அடுத்த தெருவில் வாடகைக்குப் போவான். காலனிக்காரன் எங்கே போவான்? மூணு பக்கமும் ஊர்க்காரர் வயல், தோப்பு. காசு கையில் இருந்தாலும் காலனி இந்தப் பக்கம் வளர்ந்துவிடக்கூடாது என்றே ஒரு அடி விற்க மாட்டார்கள். டவுனுக்குப் போய் வாடகை வீடு கேட்டால் முதலில் "எந்த ஊரு?" பிறகு "எந்தத் தெரு?" அதோடு முடிந்தது. நான் பேங்க் உத்தியோகத்தில் இருக்கிறவன். எனக்கே இந்த ஜில்லாவில் நாலு வீட்டில் 'சொல்லி அனுப்புறோம் சார்' என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

அப்பன் காலத்தில் கொடுத்தது மூணு சென்ட் பட்டா. மூணு சென்ட் என்றால் 1,307 சதுர அடி. அதில் இப்போது மூணு மகன்கள், மூணு குடும்பம். 2016இல் தொடங்கிய பிரதமர் கிராம வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடிக்குக் கொஞ்சம் கம்மி. 2024இல் தமிழக அரசு கொண்டுவந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. வீடு கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஓலைக்குப் பதில் காங்கிரீட் வந்தால் நல்லதுதான். ஆனால் இடித்துக் கட்டுவது அதே மூணு சென்ட்டில். கூரை மாறுகிறது, தலைக்கணக்கு மாறவில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கையிலேயே, பறையர்கள் குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்ற சங்கதி இருக்கிறது. ஆதிதிராவிடருக்கு வீட்டுமனைக்கு நிலம் எடுக்க என்றே 1978இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, நிலமும் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் வயல் 14,707 ஏக்கர். கடைசி ஏழு ஏக்கர் வரை எண்ணி வைத்திருக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்குக் காலனிகளில் ஒரு அறைக்கு எத்தனை பேர் படுக்கிறார்கள் என்ற எண் எந்த ஆபீசில் இருக்கிறது?

மலைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பெட்டிமுடியில் மண் சரிந்து தமிழ்த் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர் செத்தார்கள். பெரும்பாலும் நம் சனம். ஒரு லயத்து வீட்டுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் நாடு எண்ணிப் பார்த்தது. மண் மூடினால் ஒரே ராத்திரியில் எண்ணிவிடுகிறார்கள். தொண்டையும் நெஞ்சுமாக, வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சாகிற சாவை யார் எண்ணுவது?

*

இடம் மட்டும் இல்லை, நேரமும் நம் கையில் இல்லை.

தொண்டைப் புண் ஆரம்பித்து ஒன்பது நாளுக்குள் பென்சிலின் தொடங்கினால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பது மருத்துவம் ஒத்துக்கொண்ட கணக்கு. ஒரே ஒரு பென்சாத்தீன் பென்சிலின் ஊசி போதும், அல்லது பத்து நாள் மாத்திரை. ஒன்பது நாள் என்பது பெரிய அவகாசம் போலத் தெரியும். ஏலத்தோட்ட ஜீப்பில் போகிறவளுக்கு ஒன்பது நாளில் ஒரு பகல்கூட வெளிச்சத்தில் கிடைக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளி பார்க்கும் நேரத்தில் அவள் மலைமேல் இருக்கிறாள். அவள் இறங்கி வரும்போது டாக்டர் கிளம்பியிருப்பார். பிள்ளைக்காக ஒரு நாள் நின்றால் கூலி போகும், ரெண்டு நாள் நின்றால் ஜீப்பில் இடம் போகும். அதனால் மெடிக்கல் கடையில் ரெண்டு வேளை மாத்திரை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையும் விட்டுவிடும். அதைத் 'தாயின் அலட்சியம்' என்று கேஸ் சீட்டில் எழுதுவார்கள்.

ஒருமுறை காய்ச்சல் வந்த பிள்ளைக்குத்தான் ஆபத்து ரொம்ப அதிகம். மறுபடி வராமல் காக்க மூணு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பென்சிலின் ஊசியைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதயம் தப்பியிருந்தால் குறைந்தது ஐந்து வருடம் அல்லது 21 வயது வரை. இதயத்தைத் தொட்டிருந்தால் பத்து வருடம், நாற்பது வயது வரை, சிலருக்கு அதற்கு மேலும். மூணு வாரத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்குப் பதினேழு ஊசி. ஊசி கெட்டியானது. போட்ட தொடை ரெண்டு நாள் வலிக்கும். பிள்ளை அழும். ஒவ்வாமை வந்துவிடுமோ என்று ஊசி போடுகிறவரும் பயப்படுவார். அந்த விபத்து மிக அரிது. சோதனை ஊசி போட்டுப் பார்த்து, அட்ரினலின் மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட வேண்டியதுதான். ஆனால் 'எங்களுக்கு எதுக்கு வம்பு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று அனுப்பிவிடுவது சுலபம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி, பஸ் காசு. நாலாவது ஊசியோடு நின்றுபோகும். விலை ரொம்பக் கம்மியான மருந்து என்பதால் கம்பெனிகளுக்கும் இதில் ஆசை இல்லை. உலகம் முழுக்க அடிக்கடி தட்டுப்பாடு வந்திருக்கிறது. ஒரு பக்கம் சில்லறைக் காசு ஊசி கிடைக்காது. மறுபக்கம் லட்சக்கணக்கில் வால்வு ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை உண்டு.

வால்வு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? 1990 டிசம்பரில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய உள்நாட்டு வால்வு முதல்முறையாக ஒரு மனித நெஞ்சில் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலை கொடுக்க முடியாத எத்தனையோ ஏழைகள் அதனால் பிழைத்தார்கள். வாழ்த்துவோம். ஆனால் வால்வு என்பது தோற்ற இடத்தில் வைக்கிற முட்டு. தோற்காமல் இருக்க வேண்டிய இடம் தொண்டை. அதற்கும் முன்னால் வீடு.

*

'இந்த நோயெல்லாம் குறைந்துவிட்டதே' என்பார்கள். குறைந்திருக்கிறது. பொய் சொல்ல வேண்டியதில்லை. 2001-02இல் வேலூர்க் கிராமப்புறத்தில் 2,29,829 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது ஆயிரத்துக்கு 0.68 பேருக்குத்தான் ருமாட்டிக் இதய நோய் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊர் ஊராக வந்ததற்கு அதில் பங்கு உண்டு. ஆனால் தில்லிக்குப் பக்கத்தில் அரியானாவின் பல்லப்கரில் பள்ளிப் பிள்ளைகளை எக்கோ கருவியாலும் பார்த்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. காதுக்குழாயில் கேட்டது ஆயிரத்துக்கு 0.8. எக்கோவில் தெரிந்தது ஆயிரத்துக்கு 20.4. காதுக்குக் கேட்காதது இல்லாமல் போய்விடாது. நம் வரலாறே அதுதானே.

இன்னொன்று, சராசரி என்பது ஊரையும் சேரியையும் ஒன்றாகக் கலக்கிக் காட்டும் கணக்கு. ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரர்களிடம் இந்த நோய் அநேகமாக இல்லை. அதே நாட்டின் ஆதிகுடிகளிடம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான அளவில் இருக்கிறது. சராசரி போட்டால் ஆஸ்திரேலியா ஆரோக்கிய நாடு. அங்கே வடக்குப் பிரதேசத்தில் 1997இல் நோயாளிகளைப் பேர் பேராக எழுதி ஊசி நாளுக்குத் தேடிப்போகும் பதிவேடு தொடங்கினார்கள். நியூசிலாந்தில் இந்தக் காய்ச்சல் வந்தால் அரசுக்கு அறிவித்தாக வேண்டும். மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ணினார்கள். எண்ணிய பிறகு மறைக்க முடியவில்லை. 2013 முதல் அந்தக் குடும்பங்களுக்குக் கட்டில், போர்வை, வீட்டை வெதுவெதுப்பாக்கும் ஏற்பாடு, தேவைப்பட்டால் வேறு வீடு என்று ஒரு திட்டம் நடக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் கட்டில்! அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கறுப்பினக் குடியிருப்புகளுக்குள் முழுமையான மருத்துவ மையங்களைக் கொண்டுபோனபோது, அந்தப் பகுதிகளின் கறுப்பினப் பிள்ளைகளிடம் ருமாட்டிக் காய்ச்சல் 60 விழுக்காடு குறைந்தது. மையம் இல்லாத பக்கத்துப் பகுதிகளில் குறையவில்லை. 1973இல் லியான் கார்டிஸ் என்ற ஆய்வாளர் இதை எழுதினார். மாவோரிக்கும் ஆஸ்திரேலிய ஆதிகுடிக்கும் பால்டிமோர் கறுப்பருக்கும் எங்கள் காலனிக்கும் ரத்த உறவு இல்லை. ஒதுக்கிவைக்கப்பட்ட குடியிருப்பு என்ற உறவுதான்.

நம் நாட்டில் 2013இல் தொடங்கிய பள்ளிப் பிள்ளைகள் நலத் திட்டத்தின் நோய்ப் பட்டியலில் ருமாட்டிக் இதய நோய் இருக்கிறது. ஆக, அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2018இல் உலக சுகாதார மாமன்றம் இந்நோயை ஒழிக்கத் தீர்மானமும் போட்டது. ஆனால் காசநோய்க்கு இருப்பதுபோல வீடு தேடி வரும் தனித் தேசியத் திட்டம் இதற்கு இல்லை.

*

இனி நம்மைப் பற்றி.

அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். 1907இல் பத்திரிகை தொடங்கும் முன்பே நாடி பிடித்தவர். நம் அரசியலின் வேரிலேயே ஒரு மருத்துவர் இருக்கிறார். அப்புறம் எங்கே போனது மருத்துவம் நம் மேடையிலிருந்து? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை நம் தோழர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். எஃப்.ஐ.ஆர். போடாத இன்ஸ்பெக்டரை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்காரவைத்துப் போட வைப்பார்கள். அதே தோழர் வீட்டுப் பிள்ளைக்குத் தொண்டை வலி என்றால் 'ஐஸ் தின்னுருப்பான்' என்பார். அரிவாளால் விழுந்த வெட்டு நமக்குத் தெரிகிறது. மூணு சென்ட்டால் விழுந்த வெட்டு தெரியவில்லை. வெட்டுப்பட்டவனுக்குப் போஸ்டர் அடிக்கிறோம். வால்வு போனவளை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போகும்போது நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த மாப்பிள்ளையும் நம் இயக்கத்தில் கொடி பிடித்தவர்தான் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. நம் இரவுப் பாடசாலைகளில் வாரம் ஒருநாள் பிள்ளைகளின் தொண்டையைக் கேட்போம். சளி இல்லாமல் காய்ச்சலும் விழுங்க வலியும் கழுத்தில் நெறியும் இருந்தால் மறுநாளே ஆஸ்பத்திரி. கூட ஒரு தோழர் போகட்டும், தாய் கூலியை இழக்க வேண்டாம். மூட்டுக்கு மூட்டு தாவுகிற வலி, தானாகத் துள்ளுகிற கை, இந்த இரண்டையும் தெருவில் எல்லாருக்கும் சொல்லிவைப்போம். கோடாங்கி தாத்தாவுக்கும் சேர்த்தே சொல்வோம், அவரும் நம் ஆள்தான். மூணு வாரத்து ஊசி ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பில் இருக்க வேண்டும், ஜீப் இறங்கும் நேரத்தில் சாயங்காலமும் போட வேண்டும் என்று மனு கொடுப்போம். கொடுத்துவிட்டு வந்துவிடாமல் உட்காருவோம். நோயாளிப் பதிவேடு வேண்டும். அதில் சாதி என்றொரு கட்டம், ஒரு அறையில் எத்தனை பேர் என்றொரு கட்டம் வேண்டும். 1978 சட்டப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டாவது மனை வேண்டும். வீட்டுமனைக் கோரிக்கையைத் தாசில்தாரிடம் மட்டும் கொடுத்துப் பழகிவிட்டோம். இனி அதன் ஒரு நகலை சுகாதாரத் துறைக்கும் கொடுப்போம்.

மாணவத் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. வருகிற லீவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு அளவு டேப் கொண்டுவாருங்கள். வாரன் தளத்தில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே அளந்தார்கள். நம் காலனியில் தலையணைக்கும் தலையணைக்கும் நடுவே அளப்போம். ராத்திரி பத்து மணிக்கு, மழை நாளில், கதவைச் சாத்திய பிறகு. பள்ளர் தெரு, பறையர் தெரு, அருந்ததியர் தெரு மூணிலும் அளப்போம். ஊர்த்தெருவிலும் விட்டால் அளப்போம். 1927இல் மகாடில் அம்பேத்கர் குளத்துத் தண்ணீருக்காக நம்மை நடத்திக் கூட்டிப்போனார். மூச்சுக்காற்றுக்கும் பங்கு கேட்க வேண்டியிருக்கிறது. பங்கு கேட்பதற்கு முதலில் கணக்கு வேண்டும்.

அந்த அக்காவின் விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'மருத்துவச் செலவு' என்று எழுதினேன். சட்டப்படி அதுதான் எழுத முடியும். 'மனை இல்லாத செலவு' என்று எழுதக் கட்டம் இல்லை. பையனுக்கு ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியதும் சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மூணு வாரத்து ஊசிக்கு நான் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். என் தங்கச்சியும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள். அந்தப் பையனுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாளாம், ஏழு வயசு, அவனுக்குப் பக்கத்துப் பாயில் படுக்கிறவள். முதலில் அவள் தொண்டையைப் பார்க்க வேண்டும்.